87 வயது அம்மாவுக்கு ஆஞ்சியோ வேண்டாம் என்று சொன்னது தப்பா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு, என் அம்மாவுக்கு 87 வயது. எடை 42 கிலோ. இருபது வருஷமாகச் சர்க்கரையும் பிபியும் உண்டு. இருந்தாலும் போன மாதம் வரை தன் காபியைத் தானே போட்டுக்கொள்வார், கைத்தடியோடு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வருவார், பேப்பர் படிப்பார். ஒரு ராத்திரி சாப்பிட்டதும் வாந்தி எடுத்தார். வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். வாயு என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துப் படுக்க வைத்தேன். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜியில் லேசான மாற்றம், ரத்தத்தில் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் அதிகம், 'முழு அடைப்பு இல்லாத மாரடைப்பு' என்றார்கள். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 42 சதவீதம். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 1.2. "ஆஞ்சியோ எடுக்கலாம், ஆனா வயசாயிடுச்சு, ரிஸ்க் இருக்கு, நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார் டாக்டர். நானும் அக்காவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். ஊசி, மாத்திரையோடு ஆறு நாள் இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி ஐசியுவில், இறந்துபோன அப்பா வாசலில் நிற்கிறார் என்று சொல்லி ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டார். கையைக் கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து நான்கு வாரம் ஆகிறது. நடக்கிறார், ஆனால் முன்போல இல்லை. மஸ்கட்டில் இருக்கும் தம்பி போன் செய்யும்போதெல்லாம் "காசு பாத்தியா? அம்மா போனா போகட்டும்னு விட்டுட்டியா?" என்கிறான். நான் செய்தது தப்பா? இப்போதாவது ஆஞ்சியோ செய்யலாமா? மறுபடி வந்தால் என்ன செய்வது?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காத நான்காவது ஒன்றும் கடிதத்துக்குள் இருக்கிறது. அன்று ராத்திரியே கிளம்பியிருந்தால்? ஓம வாட்டரைப் பற்றி எழுதியிருக்கும் விதத்திலேயே அது தெரிகிறது. அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

எண்பதைத் தாண்டியவர்கள், பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகிய மூன்று வகையினருக்கும் மாரடைப்பு பல நேரம் நெஞ்சுவலியாக வருவதில்லை. உங்கள் அம்மா மூன்றிலும் சேர்த்தி. இவர்களுக்கு அது மூச்சு வாங்கலாக வரும். வியர்வையாக, வாந்தியாக, பாத்ரூமில் கால் தள்ளாடி விழுவதாக வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று சம்பந்தமில்லாமல் பேசுவதாகக்கூட வரும். நான் பார்த்த பல பேர் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்டர்களே இதில் ஏமாறுகிறோம். அஜீரணம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிய ஒரு பெரியவரை மறுநாள் ஐசியுவில் பார்த்த அனுபவம் எனக்கே உண்டு. ஆகவே நீங்கள் வாயு என்று நினைத்ததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. இனிமேல் அப்படி நினைக்காதீர்கள், அவ்வளவுதான். வயதானவருக்குத் திடீரென்று வியர்த்து மூச்சு வாங்கினால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் ஈசிஜி. வாயு அப்புறம் தானாகச் சரியாகட்டும்.

அந்த ஏழெட்டு மணி நேரத்தில் என்ன போயிற்று என்று புரிய வேண்டுமானால் மாரடைப்பில் இரண்டு வகை இருப்பது தெரிய வேண்டும். உங்களிடம் சொன்ன 'முழு அடைப்பு இல்லாத' என்ற வார்த்தையில்தான் பாதி பதில் இருக்கிறது.

முதல் வகையில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று ரத்தக்கட்டியால் மொத்தமாக அடைத்துவிடும். ஈசிஜியில் பளிச்சென்று தெரியும். வாய்க்காலில் மடை அடைத்ததும் கடைமடை வயல் காய ஆரம்பிப்பதைப் போல, அந்தக் குழாயை நம்பியிருந்த இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். இங்கே நேரம்தான் எல்லாம். கேத் லேப் (இதயக் குழாய்ச் சிகிச்சை செய்யும் அறை) உள்ள இடத்துக்குப் போய் உடனே பலூன் விட்டு, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைப்பதே முதல் வழி. இரண்டு மணி நேரத்துக்குள் அது நடக்காது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு இணைத்து இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே நடத்திப் பார்த்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வருட இறப்பு குறைந்தது.

இந்த வகையில் 'வயசாயிடுச்சு' என்பது மட்டுமே சிகிச்சை கொடுக்காமல் இருக்கக் காரணமாகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில வருடம் முன்பு 91 வயதுப் பெரியவர் ஒருவர் முழு அடைப்போடு வந்தார். நெசவாளராக இருந்தவர். மகன்கள் வெளியே நின்று வேண்டாமா வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "என்னய்யா பேசிக்கிட்டே இருக்கீங்க, வலி தாங்கல, ஏதாவது பண்ணுங்க" என்றார். மணிக்கட்டு வழியாகப் போய் ஒரு ஸ்டென்ட் வைத்தோம், நாற்பது நிமிட வேலை. ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு மூன்று தீபாவளி பார்த்தார். மணிக்கட்டு வழியாகப் போவது இந்த வயதுக்குப் பெரிய வரம். முன்பெல்லாம் தொடை வழியாகத்தான் போவோம், அங்கே ரத்தம் கசிந்தால் வயதானவர்கள் தாங்கமாட்டார்கள்.

ஊசி விஷயத்தில் மட்டும் வயது ரொம்ப முக்கியம். கட்டி கரைக்கும் ஊசியின் பெரிய பயம் மூளையில் ரத்தக்கசிவு. ஸ்ட்ரீம் என்று ஒரு சர்வதேச ஆய்வு நடந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மூளைக் கசிவு அதிகமாக வருவதைப் பார்த்து டெனெக்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். 2013-ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. அதிலிருந்து அந்த வயதுக்குப் பாதி டோஸ்தான்.

உங்கள் அம்மாவுக்கு வந்தது இரண்டாவது வகை. குழாய் சுருங்கியிருக்கிறது, கட்டியும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, ஆனால் ரத்தம் கசிந்தாவது போய்க்கொண்டிருக்கிறது. முதுமையில் அதிகம் வருவது இதுதான். இதில் ஆஞ்சியோ, அதாவது சாயம் விட்டு இதயக் குழாயைப் படம் எடுப்பது, செய்வதாக இருந்தாலும், வலி நிற்காமல் இருப்பது, பிபி இறங்குவது போன்ற ஆபத்து இல்லாத பட்சத்தில், ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு நாளிலோ இரண்டு மூன்று நாளிலோதான் எடுப்பார்கள். ஆகவே அன்று ராத்திரி நீங்கள் படுக்க வைத்ததால் எந்தக் கதவும் மூடிவிடவில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து அந்த நேரத்தில் இருந்தது, உண்மை. அதைத் தாண்டி வந்துவிட்டார்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஆஞ்சியோ வேண்டாம் என்றதால் அம்மாவுக்கு என்ன இழப்பு?

இந்தக் கேள்விக்கு ரொம்ப காலம் எங்களிடம் நல்ல பதில் இல்லை. 1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் முதன்முதலாக ஒருவருக்கு இதயக் குழாயில் பலூன் விட்டார். அந்த நோயாளிக்கு 38 வயது. அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை 75-ஐத் தாண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை, சேர்த்தாலும் பெயருக்குக் கொஞ்சம் பேர். அறுபது வயது ஆணிடம் கண்டுபிடித்ததை 87 வயதுப் பாட்டிக்கு உத்தேசமாகப் பொருத்திக்கொண்டிருந்தோம்.

கடந்த பத்து வருடத்தில்தான் நிலைமை மாறியது. 2016-ல் நார்வேயில் 80 வயதைத் தாண்டிய 457 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. அடுத்த மாரடைப்பு, அவசர ஸ்டென்ட், பக்கவாதம், மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆஞ்சியோ எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு ஏதாவது ஒன்று வந்தது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 61 பேருக்கு வந்தது. ஆனால் மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, 90-ஐத் தாண்டியவர்களுக்குப் பலன் இருக்கிறதா என்பதும் தெளிவாகவில்லை.

அப்புறம் 2024-ல் பிரிட்டனிலிருந்து சீனியர்-ரீட்டா ஆய்வு வந்தது. இது உங்கள் அம்மாவைப் போன்றவர்களை நினைத்தே செய்த மாதிரி இருக்கும். 75 வயதைத் தாண்டிய 1,518 பேர், சராசரி வயது 82, எல்லாருக்கும் வந்தது இதே இரண்டாம் வகை மாரடைப்பு. உடல் தளர்ந்தவர்களையும் ஞாபகம் குறைந்தவர்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து மட்டும், மீதிப் பேருக்கு மருந்தோடு ஆஞ்சியோ. ஆஞ்சியோவுக்குப் போனவர்களிலும் சுமார் பாதிப் பேருக்குத்தான் ஸ்டென்டோ பைபாஸோ தேவைப்பட்டது. நான்கு வருடம் கழித்துப் பார்த்தார்கள். இதயக் கோளாறால் மரணம் அல்லது மறுபடி மாரடைப்பு என்று சேர்த்துப் பார்த்தால் ஆஞ்சியோ பக்கம் நூற்றுக்கு 25.6, மருந்துப் பக்கம் 26.3. ஏறக்குறைய சமம். மறுபடி உயிர் போகாத மாரடைப்பு வந்தது மட்டும் ஆஞ்சியோ பக்கம் 11.7, மருந்துப் பக்கம் 15. மருந்து மட்டும் என்று ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு சுமார் 14 பேர் பின்னால் எப்படியும் ஸ்டென்ட் மாதிரி ஏதோ ஒன்றுக்குப் போக வேண்டி வந்தது. ஆஞ்சியோவால் சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இதைத் தம்பிக்கு எப்படிச் சொல்வது? ஆஞ்சியோ எடுத்திருந்தால் அம்மாவின் ஆயுள் கூடியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு மாரடைப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'இந்த வயசில் உள்ளே குழாய் விட்டால் தாங்கமாட்டார்' என்ற பயம் நாம் நினைத்த அளவுக்கு உண்மையில்லை. இரண்டு பேரும் தங்கள் பங்குக்கு மிகைப்படுத்திவிட்டார்கள்.

நான் அந்த இடத்தில் டாக்டராக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வயதைப் பார்க்கும் முன் அவர் போன மாதம் எப்படி இருந்தார் என்று கேட்டிருப்பேன். எங்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் அளவுகோல் உண்டு, கனடாவில் உருவானது. ஓடியாடும் ஆள் ஒன்று, கடைசி நாட்களில் இருப்பவர் ஒன்பது. தானே காபி போட்டு, தடியோடு கோயிலுக்குப் போய், பேப்பரும் படிக்கிறவர் நான்கு அல்லது ஐந்தில் வருவார். நிறையத் தளர்ந்தவர் என்று சொல்ல முடியாது. பம்பிங்கும் குறைந்திருக்கிறது. ஆகவே 'எடுத்துப் பார்க்கலாம்' என்ற பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பேன்.

என்னைப் பிடித்து இழுத்திருக்கக்கூடிய ஒரே விஷயம் அந்தக் கிரியேட்டினின். ரிப்போர்ட்டில் 1.2 என்று பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், சில லேப்களில் சிவப்பில்கூட அடிக்கமாட்டார்கள். ஆனால் தசை குறைந்த, 42 கிலோ எடையுள்ள, 87 வயதுப் பெண்ணுக்கு வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு 22 மில்லிதான் வருகிறது. இளவயதில் அது 100-ஐ ஒட்டி இருக்கும். ஆஞ்சியோவில் விடும் சாயம் இந்தச் சிறுநீரகத்தை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளலாம். சாயத்தைக் குறைத்து, நீர்ச்சத்தைக் கவனித்துச் செய்ய முடியும்தான், ஆனால் அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மாரடைப்புக்கு வயிற்றில் போடும் ஊசியையும் இந்த அளவில் ஒருநாளைக்கு ஒருமுறையாகக் குறைக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதைத் தொடரலாமா என்று இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டாம், "எடைக்குத் தகுந்த கிட்னி ஃபங்ஷன் என்ன வருது?" என்று கேட்டால் போதும்.

ஆக, எடுக்கலாம் என்று நான் சாய்ந்திருப்பேன். நீங்கள் வேண்டாம் என்றிருந்தால் வற்புறுத்தியிருக்கமாட்டேன். இரண்டும் நியாயமான வழிகளாக இருந்த இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஊசி, மாத்திரை, கண்காணிப்பு எல்லாம் நடந்தது, அதற்குப் பெயரும் சிகிச்சைதான். காசு பற்றித் தம்பி சொன்னதை விட்டுவிடுங்கள். தூரத்தில் இருப்பவனின் குற்றவுணர்ச்சி எப்போதும் பக்கத்தில் இருப்பவன் மேல்தான் கோபமாக விழும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் சிகிச்சை வருகிறது, ஸ்டென்டின் விலைக்கும் 2017-லிருந்து அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது என்பதை மட்டும் பின்னால் உதவும் என்று குறித்து வையுங்கள்.

எனக்குக் குறை இருப்பது வேறு இடத்தில். "நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று ஐசியு வாசலில் ஒரு குடும்பத்திடம் சொல்வது ஆலோசனை ஆகாது, பொறுப்பைக் கைமாற்றுவது. என் தொழிலில் இருக்கிறவர்கள் அவசரத்தில் இதைச் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் உங்களிடம் கேட்டார், நீங்கள் அக்காவிடம் கேட்டீர்கள், தம்பி உங்களைக் கேட்கிறான். பேப்பர் படிக்கிற, கணக்கு வழக்கு தெரிந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? கடிதத்தில் நான் இரண்டு முறை தேடினேன்.

இதற்கு நேர் எதிராகப் போன கதை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. 84 வயது அம்மா ஒருவர், இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை, பெற்ற பிள்ளைகளை அடையாளம் தெரியாது. முழு அடைப்போடு கொண்டுவந்தார்கள். குடும்பம் "எல்லாம் பண்ணுங்க" என்றது, நானும் பண்ணினேன். குழாய் அழகாகத் திறந்தது, படத்தைப் பார்த்து லேபில் எல்லாருக்கும் திருப்தி. மூன்று வாரம் ஐசியுவிலேயே கிடந்து, நிமோனியா வந்து, வீட்டைப் பார்க்காமலே போய்விட்டார். அன்று நான் வைத்திருக்க வேண்டியது ஸ்டென்ட் இல்லை. வலிக்கு மார்ஃபின், மூச்சு வாங்காமல் இருக்க நீரைப் பிரிய வைக்கும் ஊசி, பக்கத்தில் மகள். அதைத் தைரியமாகச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி, இப்போது ஆஞ்சியோ. நான்கு வாரம் ஆன நிலையில் அதை முடிவு செய்ய வேண்டியது அவருக்கு இருக்கும் தொந்தரவு. பல் தேய்க்கும்போது, குளிக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறதா? ராத்திரி தலையணையை உயர்த்தினால்தான் மூச்சு விட முடிகிறதா? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி இருந்தால், ஆஞ்சியோவைப் பற்றி மறுபடி பேசுவது நியாயம். வலியும் இறுக்கமும் இல்லை, மூச்சு வாங்கவில்லை, களைப்பு மட்டும்தான் என்றால் நான் அவசரப்படமாட்டேன். ஆறு நாள் படுக்கையில் கிடந்த 87 வயதுக்காரரின் கால் தசை கரைந்துபோயிருக்கும். 'முன்போல இல்லை' என்பதில் பெரும் பங்கு அதற்கு இருக்கலாம். தினமும் வீட்டுக்குள்ளேயே பத்துப் பத்து நிமிடம் நடக்க வையுங்கள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முயலட்டும். இதய நோய் என்று பயந்து வெறும் கஞ்சியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? முட்டையோ பருப்போ தயிரோ, எது ஒத்துக்கொள்கிறதோ அது தினமும் இருக்கட்டும். உப்பு மட்டும் குறையட்டும், ஊறுகாயும் அப்பளமும் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

அப்பாவைப் பார்த்ததாகச் சொன்னதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அது உங்கள் மனதை அரித்திருக்கும். அது பைத்தியமும் இல்லை, காலன் வந்ததற்கான அறிகுறியும் இல்லை. வயதானவர்களுக்கு ஐசியுவில் வரும் மனக்குழப்பம், ரொம்ப சகஜம். ராத்திரி பகல் தெரியாத விளக்கு, தூக்கமின்மை, மூத்திரக் குழாய், மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் இறங்குவது, இதோடு கண்ணாடியும் காது மெஷினும் வீட்டில் இருந்தால் நாமேகூட யாரையாவது பார்ப்போம். கையைக் கட்டினால் குழப்பம் அதிகமாகும். அடுத்த முறை எங்கே சேர்த்தாலும் அம்மாவின் கண்ணாடியும், இருந்தால் காது மெஷினும், பல் செட்டும் கூடவே போகட்டும். சாயந்திரத்துக்கு மேல் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் இன்னொரு முறை கேளுங்கள். "மூத்திரக் குழாயை எப்போ எடுப்பீங்க?" என்று தினமும் நச்சரியுங்கள்.

மாத்திரைகளில், ரத்தம் கட்டாமல் இருக்க, ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் எழுதியிருப்பார்கள். நல்லதுதான். பிரசுக்ரெல், டிகாக்ரெலார் போன்ற வேகமான மருந்துகள் இந்த வயதில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். 70-ஐத் தாண்டியவர்களுக்கு குளோபிடோக்ரலில் கசிவு குறைவு என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2020-ல் காட்டியது. இரண்டு மாத்திரையும் எத்தனை மாதம் என்று டாக்டரிடம் தேதியாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த எடைக்கும் இந்த வயதுக்கும் வழக்கமான ஒரு வருடத்தைவிடச் சீக்கிரமே ஒன்றை நிறுத்தச் சொல்லலாம், ஆனால் அதை நீங்களாகச் செய்யக்கூடாது. மலம் கறுப்பாகத் தார் மாதிரி போனால் அன்றே ஆஸ்பத்திரி. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரை வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள், வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றுக்கும் ஆகாது. பாராசிட்டமால் போதும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் கொடுத்திருந்தால், உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நின்றபடி வைத்துக்கொண்டு பிபி இறங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்கள் உண்டு. மேல் பிபி 100-க்குக் கீழே இருந்தால் வேண்டாம். சர்க்கரையும் ரொம்பக் கட்டுப்பாடாக இருக்கத் தேவையில்லை. இந்த வயதில் கூடுதலாக இருப்பதைவிட ராத்திரியில் திடீரென்று இறங்குவதுதான் ஆபத்து.

மறுபடி வந்தால்? வியர்வை, மூச்சு வாங்கல், வாந்தி, மயக்கம், நெஞ்சிலோ தாடையிலோ முதுகிலோ இறுக்கம், எதுவானாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. காரில் ஏற்றிக்கொண்டு தெரிந்த டாக்டரின் கிளினிக் வாசலில் நிற்காதீர்கள். ராத்திரியிலும் கேத் லேப் இயங்கும் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கத்தில் எது, எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அது தூரம் என்றால், ஈசிஜி எடுத்து ஊசி போடக்கூடிய இடம் எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரை கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-லிருந்து இருக்கிறது. அம்மா ஏற்கெனவே அதே வகை மாத்திரைகளில் இருப்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் 108-ஐக் கூப்பிடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்கு இப்போதுதான் நல்ல நேரம். அம்மா தெளிவாக இருக்கிறார், யாரும் பதறவில்லை. ஒரு சாயந்திரம் காபி குடித்து முடித்த பிறகு மெதுவாக ஆரம்பியுங்கள். "சாவு" என்ற வார்த்தை வேண்டாம். "அம்மா, போன தடவை ஆஸ்பத்திரியில ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட. மறுபடி அப்படி ஆனா உனக்கு என்ன பண்ணணும்? கையில குழாய் விட்டு அடைப்பு எடுக்கச் சொன்னா சம்மதமா?" என்று கேளுங்கள். பல பெரியவர்கள் நாம் பயப்படும் அளவுக்குப் பயப்படுவதில்லை. "அடைப்பு எடுக்கலாம், ஆனா அந்த டியூப் போட்டு மூச்சு விடுற மெஷின் வேண்டாம்" என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரிவினை முக்கியம். ஆஞ்சியோவுக்குச் சரி என்றால் வென்டிலேட்டருக்கும் சரி என்று அர்த்தமில்லை. இதயம் நின்ற பிறகு நெஞ்சை அழுத்தி மீட்கும் முயற்சியில், இந்த வயதில், 42 கிலோ உடம்பில், விலா எலும்புகள் முறியும். மீண்டு பழையபடி வீட்டுக்கு வருபவர்கள் மிகக் குறைவு. இதையும் அவருக்குப் புரியும்படி சொல்லலாம். "எனக்கென்ன தெரியும், நீங்க பாத்துக்கோங்க" என்றால் அதுவும் ஒரு பதில். யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் பெயர் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் சொல்வதை எழுதி வைக்கவும் வழி உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு அனுமதி கொடுத்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்று தோன்றினால், உங்கள் டாக்டரிடம் சொல்லி அம்மாவின் ஃபைலில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ஐசியு வாசலில் அந்த நான்கு வரி உங்களைக் காப்பாற்றும்.

அந்தச் சாயந்திரம் தம்பியும் இருக்கட்டும், வீடியோ காலில். நீங்கள் சொல்லி அவன் கேட்பதைவிட அம்மா வாயாலேயே கேட்கட்டும். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறைதானே, அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.